கம்மி கிலோமீட்டர் டீசல் வண்டி: மரக்காணத்தில் ஒரு பீச் ஹவுஸ் காரைப் பார்த்த கதை

வழக்கமா கழுவெளி, உப்பங்கழி, பழைய துறைமுகம்னு எழுதிட்டு இருந்தவன் திடீர்னு கார் பத்தி எழுதுறானேன்னு நினைக்காதீங்க. இதுவும் உப்பு சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

என் தங்கை வீட்டுக்காரர் மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். போன வருஷம், 2025 மே மாசம், ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் பன்னிரண்டு போட்டோ அனுப்பினார். வெள்ளை நிறத்தில் பளபளன்னு ஒரு ஐரோப்பிய டீசல் கிராஸ்ஓவர், ஆட்டோமேட்டிக். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம், விஷயம் கம்பெனியைப் பற்றியது அல்ல. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மச்சான், மெட்ராஸ்காரர் ஒருத்தரு பீச் ஹவுஸ்ல நிக்கிற வண்டி. சிங்கிள் ஓனர். 2021 ஜனவரி ரெஜிஸ்ட்ரேஷன். ஓடினது இருபத்தோராயிரம்தான். பதினெட்டு லட்சம் சொல்றாங்க. ஐம்பதாயிரம் டோக்கன் குடுத்துட்டேன்."

எனக்கும் முதலில் சந்தோஷம்தான். புதுசு வாங்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். நான்கு வருஷத்தில் 21,000 கி.மீ. என்றால் வண்டி இன்னும் குழந்தை இல்லையா? ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு சீட்டு எடுத்த பணம், இரண்டு சீசன் உப்பு விற்ற பணம், மீதி தங்கையின் நகைமேல். மழை பிடித்துவிட்டால் அளத்தில் வேலை கிடையாது, அடுத்த ஜனவரி பிப்ரவரி வரைக்கும் வருமானம் இல்லை. அதனால் "மீதிப் பணம் ஒரு வாரத்துக்குக் குடுக்காதீங்க மாப்ள, நான் வந்து பாத்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். அந்த ஒரு வாரத்துக் குறிப்புகளும், அதுக்கப்புறம் நேரில் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உடைந்தது அந்தக் "கம்மி கிலோமீட்டர்" நம்பிக்கைதான். பெட்ரோல் வண்டிக்கு அது ஓரளவு சரி. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 டீசலுக்கு அது அப்படியே தலைகீழ்.

காரணம் இதுதான். பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைபோக்கி வழியில் டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. தேன்கூடு மாதிரி நுண்துளைகள் கொண்ட பீங்கான் உருளை. கரித்தூள் அதில் மாட்டிக்கொள்ளும். நிறைய சேர்ந்ததும் வண்டியே அதை எரித்துச் சுத்தம் செய்யும், அதற்குப் பெயர் ரீஜெனரேஷன். எரிய வேண்டுமானால் வடிகட்டிக்குள் ஏறத்தாழ 550 முதல் 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காக இன்ஜின் வழக்கத்தைவிடத் தாமதமாகக் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சும். இது முடிய வண்டி நல்ல வேகத்தில், நிற்காமல் பதினைந்து இருபது நிமிஷம் ஓட வேண்டும். நடுவில் இன்ஜினை நிறுத்தினால் வேலை பாதியில் நிற்கும். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து.

பாதியில் நின்ற ஒவ்வொரு முறையும், எரியாத டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து கீழே இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போகும். வழக்கமாக வண்டி ஆயிலைக் குடித்தால்தான் கவலைப்படுவோம். இங்கே டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் கவலைப்பட வேண்டும். டர்போவின் பேரிங் அந்த ஆயிலை நம்பித்தான் நிமிஷத்துக்கு லட்சத்துக்கு மேற்பட்ட சுற்று சுற்றுகிறது.

மாப்ளயிடம் போனில் கேட்டேன், அந்த வீட்டு வாட்ச்மேன் வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று. "ரொம்ப நல்லா பாத்துக்கிறாரு மச்சான். வாரம் ஒருதடவை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சிடுவாரு, பேட்டரி எறங்கக்கூடாதுன்னு." நல்ல மனசோடு செய்கிற வேலைதான், ஆனால் ஒரு டி.பி.எஃப். டீசலுக்கு இதைவிடக் கெட்டது அதிகம் இல்லை. ஐடிலிங்கில் கரி சேரும், எரிகிற அளவுக்குச் சூடு வரவே வராது.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். சென்னையிலிருந்து மரக்காணம் சுமார் 120 கி.மீ. வாரா வாரம் வந்து போனால் வருஷத்துக்கே பன்னிரண்டாயிரம் ஆகிவிடும். சர்வீஸ் பில்களை அனுப்பச் சொன்னேன். முதல் இரண்டு வருஷத்தில் 16,000. அடுத்த இரண்டேகால் வருஷத்தில் வெறும் 5,000 சொச்சம். ஆக, வண்டி இரண்டு வருஷத்துக்கு மேல் கடற்கரையில் சும்மா நின்றிருக்கிறது. கடைசியாக ஆயில் மாற்றி பதினாலு மாசம். "கிலோமீட்டர் ஆகலையே சார்" என்றார் புரோக்கர். ஆயிலுக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, மாசமும் கணக்கு.

நின்ற வண்டியில் இன்னொரு கெடு உண்டு. இந்த வகை டீசல்களில் பலவற்றில் ஆட் புளூ என்கிற யூரியா கரைசலுக்குத் தனித் தொட்டி இருக்கும். தண்ணீரில் 32.5 சதவீதம் யூரியா, அவ்வளவுதான். 25 டிகிரியில் வைத்தால் ஒன்றரை வருஷம் தாங்கும், 35 டிகிரியில் ஆறு மாசம்தான். நம்ம ஊர் வெயிலில் கூரையில்லாத முற்றத்தில் இரண்டு கோடை நின்ற தொட்டிக்குள் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யூரியா உப்பாகப் படிந்து பம்பையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். அப்புறம் டேஷ்போர்டில் "இன்னும் இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது" என்று எச்சரிக்கை வரும்.

இந்தப் பிரிவு வண்டிகளில் மாடலுக்கு மாடல் தெரிந்த நோய்களும் இருக்கின்றன. அவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் எல்லாரும் எழுதுவது இதைத்தான். பி.எம்.டபிள்யூவின் முதல் தலைமுறை எக்ஸ்1 நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து ஆலையிலேயே இணைக்கப்பட்ட வண்டி. அதன் என்47 டீசல் இன்ஜினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தளர்ந்து சத்தம் வந்தால் பொருள் விலையைவிட அதை எட்டிப் பிடிக்கிற கூலி அதிகம். மெர்சிடிஸ் ஜி.எல்.ஏ.வில் வந்த ஓ.எம்.651 இன்ஜினிலும் செயின் பின்பக்கம்தான். அதனால் காலையில் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட்டை நீங்கள் காதால் கேட்க வேண்டும். போகிறபோதே வண்டியை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம்.

இ.ஜி.ஆர். இன்னொன்று. புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்துத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் ஏற்பாடு. கரி படிந்து வால்வு ஒட்டிக்கொள்வது எல்லா டீசலிலும் உண்டு. ஆனால் அதன் கூலரில் கசிவு வந்தால் விஷயம் பெரிது. 2018-ல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல்கள் வரிசையாகத் தீப்பிடித்தது இதனால்தான். கசிந்த கூலன்ட் கரியோடு சேர்ந்து படிந்து, சூடான புகை பட்டு எரிந்தது. அந்த வருஷமே உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் இ.ஏ.189 இன்ஜின் கதை எல்லாருக்கும் தெரியும். இந்தியாவில் மட்டும் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக 2015 டிசம்பரில் அறிவித்தார்கள். சோதனை நடக்கிறதென்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக நடக்கும் மென்பொருள் அது! என் தொழிலில் இருபது வருஷமாக டெஸ்ட் கேஸுக்கு மட்டும் பாஸ் ஆகிற கோடைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த அளவில் பார்த்ததில்லை. பழைய வண்டி வாங்கும்போது இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. சேசிஸ் நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, இந்த வண்டிக்கு ரீகால் ஏதாவது பாக்கியா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, உப்புக்கு வருவோம்.

கடற்கரையில் வண்டி துருப்பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஏன், எவ்வளவு, எங்கே என்பதுதான் சுவாரசியம். அலை உடையும் இடத்தில் கிளம்பும் நுண்துளிகள் காற்றில் வந்து உலோகத்தில் உட்காருகின்றன. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்தான் இது மிக அதிகம், உள்ளே போகப்போக வேகமாகக் குறையும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்தியாவுக்கே ஓர் அரிப்பு வரைபடம் போட்டிருக்கிறது. மண்டபத்தில் கடலோரமாக உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் மாட்டிவைத்து வருஷக்கணக்கில் அளந்திருக்கிறார்கள். பீச் ஹவுஸ் என்பது பெயரிலேயே அந்த முதல் சில நூறு மீட்டருக்குள் இருப்பது.

உலர்ந்த உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது, ஈர உப்புதான் அரிக்கும். நம்ம சாப்பாட்டு உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடற்கரை ராத்திரிகளில் அது சாதாரணம். பகலில் கொஞ்சம் காயும். ஆனால் கடல்நீரில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்குச் சுமார் 33 சதவீதம் ஈரப்பதமே போதும். இந்தக் கரையில் அதற்குக் கீழே போவது ரொம்ப அபூர்வம். அதாவது மக்னீசியம் கலந்த உப்பு படிந்த உலோகம் பகலிலும் சரி, ராத்திரியிலும் சரி, காயவே காயாது.

இதை மாப்ளயிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். "இதத்தான மச்சான் நாங்க தெனமும் பாக்குறோம். உப்ப வாரிட்டு அந்தக் கசப்புத் தண்ணிய ஒழுங்கா வடிக்கலன்னா, அம்பாரத்துல கொட்டி வெச்ச உப்பு காயாம கசிஞ்சுகிட்டே இருக்கும்." அந்தக் கசப்பே மக்னீசியம்தான். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்த வண்டி மேலயும் அதுதான் உக்காந்திருக்கு" என்றார்.

ஒரு விஷயத்தில் ஐரோப்பிய வண்டிகளுக்கு நியாயம் செய்ய வேண்டும். அந்த ஊர்களில் பனிக்காலத்தில் சாலையிலேயே உப்பைக் கொட்டுகிறார்கள். அதனால் இவற்றின் பாடித் தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சு நன்றாகவே இருக்கும். வெளியே பளபளன்னு இருப்பதற்கு அதுதான் காரணம், புரோக்கர் போட்டோவில் அதுதான் தெரியும். அரிப்பு நடப்பது வேறு இடங்களில். பிரேக் டிஸ்க், காலிப்பர் சறுக்கும் பின், அடியில் ஓடும் பிரேக் குழாய், சப் ஃபிரேம் போல்ட், முன்னால் காற்றைப் பார்த்து நிற்கும் ஏ.சி. கண்டென்சர், இன்டர்கூலர் இவற்றின் மெல்லிய அலுமினியத் தகடுகள், எர்த் வயர், கனெக்டர் பின்கள். இரும்பு போல்ட் அலுமினியத்தில் இறங்கும் இடங்களில் உப்புத்தண்ணீர் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி, அலுமினியம்தான் கரையும். ஓடுகிற வண்டியில் பிரேக் டிஸ்க் தினமும் தேய்ந்து தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். நிற்கிற வண்டியில் குழி விழும்.

ஆக, உப்புக்கரையில் நின்ற டீசலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நோய்தான். ஓடாததுதான் நோய்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போனோம். பாண்டிச்சேரியிலிருந்து தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது தனியாகச் செய்கிறவர். வீடு கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே. ஒரு பக்கம் கடல், பின்னால் கொஞ்ச தூரத்தில் உப்பங்கழி. அழகான இடம்தான், மறுக்கவில்லை.

முதல் ஸ்டார்ட்டில் சத்தம் ஒன்றும் இல்லை. நல்லது. டிப் ஸ்டிக்கை இழுத்தார். ஆயில் மேல் கோட்டுக்கு மேலே நின்றது, மோந்து பார்த்தால் டீசல் வாடை. ஸ்கேனரை மாட்டினோம். இங்கே ஒரு குறிப்பு: சில ஆயிரம் ரூபாய் ப்ளூடூத் அடாப்டரும் ஒரு ஆப்பும் இருந்தால் அடிப்படை விஷயங்களை நீங்களே படிக்கலாம், ஆனால் டி.பி.எஃப். விவரங்களுக்கு அந்தந்தக் கம்பெனிக்கு ஏற்ற மென்பொருள் வேண்டும். எரர் கோட் எதுவும் இல்லை. இதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். முந்தின நாள் யாராவது அழித்திருக்கலாம். கோடை அழித்தபிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றும் இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்லும். சொன்னது: 6 கி.மீ.!

அழிக்க முடியாத எண்கள்தான் எனக்குப் பிடிக்கும். கடைசியாக ரீஜெனரேஷன் முழுசாக முடிந்து 1,460 கி.மீ. ஆகியிருந்தது, வழக்கமாகச் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நடக்க வேண்டியது. இன்ஜின் ஓடிய மொத்த மணிநேரம் 1,120. ஓடோமீட்டர் 21,300. வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 19 கி.மீ. ஈ.சி.ஆர். வண்டிக்கு 19! டிரைவர் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமும், வாட்ச்மேனின் பத்துப் பத்து நிமிஷமும் அதற்குள் இருக்கிறது. ஓடோமீட்டரைத் திருத்தியிருக்கிறார்களா என்று பார்க்கவும் இதே வழிதான். மீட்டரில் இருக்கும் எண்ணும், கியர்பாக்ஸ் போன்ற மற்ற மாட்யூல்களில் பதிந்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். இதில் ஒத்துப்போனது. ஓனர் கிலோமீட்டரில் பொய் சொல்லவில்லை.

மெக்கானிக் அடியில் படுத்து டார்ச் அடித்தார். பின் டிஸ்க்கின் உள்முகம் முழுக்கப் பள்ளம். ஹேண்ட் பிரேக் மோட்டார் முனகியது. இன்டர்கூலரின் கீழ்ப்பகுதித் தகடுகளை விரல் வைத்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. "இதெல்லாம் கடற்கரை வண்டில இருக்கும் சார், வெலைல பேசிக்கலாம்" என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு மூணு லட்சம் குறைத்துக் கேட்கலாம் என்று மனசில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இன்ஷூரன்ஸ் பேப்பரைப் பார்த்தேன். க்ளெய்ம் எடுக்காத வருஷங்களுக்கு நோ க்ளெய்ம் போனஸ் படிப்படியாக ஏறும்: 20, 25, 35, 45, 50 சதவீதம். 2024 ஜனவரி பாலிசியில் 35. 2025 ஜனவரியில் 45 இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். நடுவில் என்ன? "பம்பர்ல சின்ன உரசல்" என்றார் புரோக்கர். இருக்கலாம். ஆனால் 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. பாண்டிச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மரக்காணத்தில் அளமும் கழியும் சாலையும் ஒன்றாகிக் கிடந்ததை மாப்ள வீட்டு மாடியிலிருந்து போன் செய்து சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தோம். புதுசு. நான்கு வருஷ வண்டியில் நான்கு பெல்ட்டும் புதுசாக இருப்பது ஏன்? டிரைவர் சீட் தண்டவாளத்தில் துரு. பூட் தரையைத் தூக்கி, அடியில் பக்கவாட்டுக் குழியில் கைவிட்டு மாப்ள ஒரு பிடி எடுத்தார். சாம்பல் நிறத்தில் மெல்லிய வண்டல், காயாமல் பிசுபிசுன்னு. இரண்டு விரலில் தேய்த்தார். நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துத் துப்பினார்.

"மழத்தண்ணி இல்ல மச்சான். கசக்குது. கழித்தண்ணி."

மெக்கானிக் உடனே அங்கிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். பல ஐரோப்பிய வண்டிகளில் பேட்டரி, கன்ட்ரோல் மாட்யூல் எல்லாம் பூட் தரைக்குக் கீழேயும் சீட்டுக்கு அடியிலும்தான் இருக்கும். கனெக்டருக்குள் பித்தளைப் பின்கள் பச்சை பூத்திருந்தன. நல்ல தண்ணீர் புகுந்த வண்டியையே காயவைத்து ஓட்டிவிடலாம் என்று நம்புவது கஷ்டம். உப்புத்தண்ணீர் புகுந்த வயரிங்குக்கு முடிவே கிடையாது. இன்றைக்குச் சென்சார், ஆறு மாசத்தில் கியர்பாக்ஸ் மாட்யூல், அடுத்த மழைக்கு ஏர்பேக் விளக்கு. எந்தக் கேரேஜும் "இதோட முடிஞ்சது" என்று சொல்ல முடியாது. விலையில் பேசிக்கொள்ள முடியாத கோளாறு இது ஒன்றுதான் என்பது என் கருத்து.

புரோக்கர் முதலில் கோபப்பட்டார், அப்புறம் தனக்குத் தெரியாது என்றார். அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம். ஓனர் போனை எடுக்கவில்லை. டோக்கன் ஐம்பதாயிரத்தில் முப்பதாயிரம் இரண்டு மாசம் கழித்துத் திரும்பி வந்தது. மீதி இருபது வரவில்லை. தங்கை அந்த இருபதைப் பற்றி இன்றும் பேசுகிறாள். நகை வீட்டில்தான் இருக்கிறது.

சென்னையில் வாங்குகிறவர்களுக்கும் இதே சோதனைகள்தான். அங்கே 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு முன்பும் பின்பும் உள்ள பாலிசி இரண்டையும் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்கு இல்லை, ஓனருக்குத்தான் சொந்தம். புது வண்டிக்கு மாற்றிக்கொண்டு போயிருந்தாலும் பூஜ்யம் காட்டலாம். அதனால் அது சந்தேகத்துக்கு ஆரம்பம்தான், முடிவு இல்லை. பெல்ட், சீட் தண்டவாளம், பூட் குழி, கனெக்டர், இவைதான் சாட்சி. டெல்லி வண்டிகள் மலிவாக வருகிறதே என்றும் கேட்கிறார்கள். பத்து வருஷம் தாண்டிய டீசலை அங்கே ஓட்டக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது, அதனால்தான் தெற்கே தள்ளிவிட்டார்கள். அவற்றில் உப்பு இருக்காது. ஆனால் என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, வரி எல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

மாப்ள செப்டம்பரில் வேறு வண்டி எடுத்தார். கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் வாரம் இரண்டு முறை சேலம் போய்வந்த டீசல், 94,000 கி.மீ., எல்லா சர்வீஸ் பில்லும் ஃபைலில். சராசரி வேகம் கணக்குப் போட்டேன், 46 வந்தது. வீட்டுக்குப் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை திண்டிவனம் வரைக்கும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு, அங்கேயே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் பீய்ச்சிக் கழுவிக்கொண்டு வருகிறார். அளத்துக்கு மட்டும் இன்னும் அந்தப் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல்.தான்.